முப்பத்திரண்டில் நிறையும் குடம்

அன்று காலை அடிபம்பில் இருந்தவர்கள்.

நான்.

என் மகள் பவானி. ஐந்து வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது.

என் மகன். பத்து மாதம். நீல பிளாஸ்டிக் பேசினுக்குள் உட்கார்ந்திருந்தான்.

சைக்கிள் கடை ரஹீம் பாய்.

மீன் விற்கிற கன்னியம்மா.

குடம் ஐந்து. என்னுடையது இரண்டு, பாயுடையது இரண்டு, கன்னியம்மாவுடையது ஒன்று. சந்தில் மற்ற வீடுகளில் மோட்டார் இருந்தது. அவர்கள் பம்புக்கு வரமாட்டார்கள்.

என் முதல் குடம் நிறைந்தது. நான் கையை நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் குடத்தின் கழுத்தில் வழிந்து, சிமெண்டில் ஓடி, சாக்கடைக்குப் போனது. கொஞ்சம் பேசினில் தெறித்தது. மகன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“இன்னா பெயிண்டரே, கால்தான் போச்சுன்னு பார்த்தா கண்ணும் பூட்ச்சா? கொடம் ரொம்பி ஊத்திக்கினு கீது” என்றாள் கன்னியம்மா.

எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. நான் குடத்தைப் பார்க்கவில்லை. மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடியே இருந்தது.

ஏன் அப்படி அடித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வீட்டில் இருந்த வருஷம்

சாரத்திலிருந்து விழுந்ததைச் சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதினேன். தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளிப்பூச்சு. இடது முட்டி போயிற்று. ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த அந்தக் காலம் நரகமாக இருந்திருக்குமே என்று கேட்டிருந்தார்.

இல்லை. நன்றாக இருந்தது.

முதல் இரண்டு மாதம் படுக்கை. அதைக் கழித்துவிடலாம். பிறகு எழுந்து நடந்தேன். காலை இழுத்து நடந்தேன். ஏணி ஏற முடியாது. என் மனைவி கலா பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டரைக்குப் போவாள். இருட்டிய பிறகு வருவாள். பிள்ளைகள் இரண்டும் என்னிடம்.

மயிலாப்பூரும் ஆழ்வார்பேட்டையும் சேருகிற இடத்தில் ஒரு சந்து. அதில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அங்கேதான் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொண்டேன்.

மகனுக்கு இட்லியைப் பாலில் பிசைந்து கொடுப்பேன். முதல் வாயைத் துப்புவான். இரண்டாவது வாயையும் துப்புவான். மூன்றாவதை முழுங்குவான். ஏன் என்று தெரியாது. தினமும் அதே கணக்கு. அதனால் முதல் இரண்டு வாயைச் சின்னதாகக் கொடுத்தேன்.

குளிப்பாட்டியதும் அவன் தலையில் ஒரு வாசனை வரும். நான் இருபது வருஷம் சுண்ணாம்பும் டர்பெண்டைனும் மோந்தவன். என் மூக்கு செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். சாகவில்லை.

பவானிக்குத் தலை பின்ன வேண்டும். எனக்குப் பின்னல் தெரியாது. சாரம் கட்டுகிற கயிறு தெரியும். அந்த முடிச்சைப் போட்டேன். இரண்டு நாள் குதித்து ஆடியும் அவிழவில்லை. மூன்றாம் நாள் கலா அவிழ்க்க உட்கார்ந்தாள். முடியவில்லை. ரிப்பனை வெட்டினாள்.

“ஏங்க, இது பொண்ணு தலையா, மூங்கிலா?” என்று கேட்டாள்.

பவானிக்கு அந்த முடிச்சு பிடித்துவிட்டது. அம்மா பின்னினால் அவிழ்ந்துபோகிறது, அப்பா பின்னினால் நிற்கிறது என்று சந்து முழுக்கச் சொன்னாள்.

இழுத்த கால்

மகன் எட்டு மாதத்தில் தவழ ஆரம்பித்தான். இடது காலை இழுத்துத் தவழ்ந்தான்.

கலா அதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் போனோம். டாக்டர் அவன் காலை மடக்கினார், நீட்டினார், இடுப்பை அமுக்கிப் பார்த்தார். அவன் டாக்டர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான்.

காலில் ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் பகலெல்லாம் யாரோடு இருக்கிறான் என்று கேட்டார். என்னோடு என்றேன். கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார். சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

அவர் சிரித்துவிட்டார். சில பிள்ளைகள் இப்படித் தவழும், தானாகச் சரியாகிவிடும் என்றார்.

சரியாகிவிட்டது. ஆனால் ஒரு மாதம் நானும் அவனும் ஒரே மாதிரி போனோம், அவன் கீழே, நான் மேலே. கலாவிடம் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

எண்

எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. ஆனால் எண் தெரியும். சாரத்தில் ஏறும்போது ஒவ்வொரு கட்டையையும் எண்ணித்தான் ஏறுவேன். இறங்கும்போதும் எண்ணுவேன். கீழே பார்க்கவே மாட்டேன். விழுந்த அன்று நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். எண் விட்டுப்போயிற்று.

பம்பு அடிக்கும்போதும் எண்ணுவேன். பழக்கம். இடுப்பைச் சுவரில் சாய்த்து, வலது காலில் நின்று அடிப்பேன். எங்கள் குடமெல்லாம் ஒரே அளவு. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிறவர் ஒருவர் வருவார். எல்லோரும் அவரிடமே வாங்கினோம். நான் அடித்தால் ஒரு குடத்துக்கு முப்பத்திரண்டு அடி. பாய் அடித்தாலும் ஏறக்குறைய அதுதான்.

பவானி பக்கத்தில் நின்று என்னோடு எண்ணுவாள். நாலு வயதிலேயே முப்பத்திரண்டு வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொன்னாள். முடிந்ததும் “கொடம் ரொம்பிடுச்சி” என்பாள். அடுத்த குடத்துக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

பிறகு எல்லாவற்றையும் அப்படியே எண்ணினாள். கபாலீசுவரர் கோயில் குளத்தில் படி எண்ணினால், முப்பத்திரண்டு வந்ததும் “கொடம் ரொம்பிடுச்சி” என்று திரும்பிவிடுவாள். லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போகிற வண்டிகளை எண்ணுவாள். குடம் நிறைந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்பாள். பஸ் வந்திருக்காது.

நான் சிரிப்பேன். திருத்தவில்லை. அது எனக்கு விளையாட்டாக இருந்தது. தப்பு என்னுடையது.

ஸ்டூல்

கலாவின் கடையில் உட்காரக் கூடாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரிதான். வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பெட்டி அட்டையைப் பவானிக்குப் படம் போடக் கொடுப்பாள். பிறகு சுவர் ஓரம் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வாள். மகன் தவழ்ந்து போய் அவள் வயிற்றில் தலை வைப்பான்.

அந்தக் கடையில் ஒரே ஒரு பெண்ணுக்கு ஸ்டூல் உண்டு. பில் போடுகிற பெண். கணக்குத் தெரிந்தவள்.

“எம் பொண்ணு உக்காந்து வேலை செய்யணும்” என்று கலா ஒரு நாள் சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். எனக்குப் போதும்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். ஒன்றாம் வகுப்புக்கு இடம் சில பேருக்குத்தான் என்று சொன்னார்கள். பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துச் சேர்ப்பார்கள். ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பவானியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போனேன்.

பெரிய டீச்சர் வயதானவர், மடிசார் இல்லை, சாதாரண நூல் புடவை. பேர் கேட்டார். சொன்னாள். நிறம் கேட்டார். எல்லா நிறமும் சொன்னாள். பெயிண்டர் மகள் அல்லவா. வெள்ளையிலேயே மூன்று வகை சொன்னாள். டீச்சருக்கு அது பிடித்தது.

“ஒண்ணுலேர்ந்து அம்பது வரைக்கும் சொல்லு பாப்போம்” என்றார்.

சொன்னாள். மழை மாதிரி சொன்னாள். முப்பத்திரண்டில் நின்றாள்.

“அப்புறம்?”

“கொடம் ரொம்பிடுச்சி, மிஸ்.”

“எந்தக் குடம்டி கொழந்தே?”

பவானி என்னைப் பார்த்தாள். நான் பம்பு விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி முப்பத்திரண்டில் நின்றாள். பேனாவை எடுத்தார், எழுதவில்லை, கீழே வைத்தார்.

“அம்பது சொல்லியாகணும், அதான் இங்க வழக்கம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆத்துல சொல்லிக்குடுத்து அழைச்சிண்டு வாங்கோ” என்றார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொரு நாள்.

வழிந்த தண்ணீர்

புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொன்னேன். முப்பத்திரண்டு வந்ததும் கொட்டையைக் கையால் கூட்டி ஓரம் தள்ளினாள். மறுபடி ஒன்று. கலாவின் பழைய பட்டன்களைக் கொட்டினேன். அதேதான். முப்பத்தி மூன்று என்று சொல்லச் சொன்னால் தனியாகச் சொல்வாள். எண்ணிக்கொண்டு வரும்போது சொல்ல மாட்டாள். எப்படிச் சொல்வாள்? நிறைந்த குடத்தில் யாராவது அடிப்பார்களா?

அப்போதுதான் அடித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. குடம் நிறைந்த பிறகும் அடித்தால் எண்ணும் தாண்டும் என்று நினைத்தேன். தாண்டவில்லை. தண்ணீர்தான் தாண்டியது. பவானி வாயை மூடிக்கொண்டு, வழிகிற தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் முகத்தில் இருந்தது.

அந்தக் காலையில்தான் கன்னியம்மா கத்தினாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். அவர் பத்துச் சைக்கிளை வாடகைக்கு விட்டு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவர்.

“பச்சா மேல தப்பு இல்ல, பெயிண்டர். நீ கை நிறுத்துறே. அது வாய் நிறுத்துது. கை நிக்காம அடி. கொடத்த நான் மாத்துறேன்” என்றார்.

எங்கள் பம்பில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் குடத்தை அவரவர்தான் அடிக்க வேண்டும். அடுத்தவர் குடத்தை அடித்தால், அவன் குறைவாக அடித்தான், இவன் அதிகமாக அடித்தான் என்று சண்டை வரும். பாய் தன் இரண்டு குடத்தையும் என் குடத்துக்குப் பின்னால் வரிசையாக வைத்தார். நாலு குடம். நிறைந்திருந்ததை வீட்டு அண்டாவில் ஊற்றிவிட்டு வந்தேன். நாலையும் நானே அடிக்க வேண்டும்.

கன்னியம்மாவின் குடத்தையும் பாய் இழுத்தார். அவள் பிடித்துக்கொண்டாள்.

“எங் கொடத்த எண்ணக் கூடாது. குடிக்கிற தண்ணிய எண்ணுனா ஊட்ல தங்காது.”

“மீனை எண்ணித்தானே விக்கிறே?” என்று பாய் கேட்டார்.

“அது விக்கிறதுக்கு. இது குடிக்கிறதுக்கு” என்றாள். “நீங்க இஸ்கூல் நட்த்தி முடிங்க. நான் அப்பால புட்ச்சிக்கிறேன்.”

அவளுக்கு மார்க்கெட்டுக்கு நேரமாகும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கூடையைத் தலைகீழாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

கை நிற்காமல்

முதல் குடம் நிறைந்தது. பாய் நிறைந்ததை இழுத்தார், காலியைத் தள்ளினார். நடுவில் கொஞ்சம் தண்ணீர் பேசினில் தெறித்தது. மகன் கையைத் தட்டிச் சிரித்தான்.

பவானி முப்பத்திரண்டில் நின்றாள். என் கையைப் பார்த்தாள். அது நிற்கவில்லை. குடத்தைப் பார்த்தாள். அது நிறையவில்லை. அவளுக்கு வழி தெரியவில்லை.

“முப்பத்தி மூணு” என்றார் பாய், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

“முப்பத்தி மூணு” என்றாள்.

முதல் நாள் முப்பத்தொன்பதில் விழுந்தாள். மறுநாள் ஐம்பதைத் தாண்டினாள். அறுபது, எழுபதெல்லாம் பாய் எடுத்துக் கொடுத்தார். எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் ஒரு நாள் சண்டை போட்டாள். தொண்ணூறு பேர் பிடிக்கவில்லையாம். ஒவ்வொரு குடம் மாறும்போதும் மகன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வேகமாக எண்ணினாள்.

எனக்கு முட்டி வலித்தது. நாலு குடம் ஒரே மூச்சு. கலாவிடம் சொல்லவில்லை.

ஆறு நாளில் நாலு குடமும் வந்துவிட்டது. நூற்றி இருபத்தெட்டு. அதில் கரெக்டாக நின்று, “வரிசை முடிஞ்சிடுச்சி” என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். ஐம்பதுதானே கேட்கிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

பிறகு நாங்கள் விலகுவோம். கன்னியம்மா தன் குடத்தை வைத்து அடிப்பாள். அவள் கை பலமான கை. பவானி எண்ண வாயெடுத்தால் முறைப்பாள். பவானி வாயைப் பொத்திக்கொள்வாள். நானும் வாய்விட்டு எண்ணவில்லை. மனசுக்குள் எண்ணினேன். பழக்கத்தை என்ன செய்வது? அவள் அடித்தால் முப்பது.

ஒவ்வொரு நாளும் முப்பதுதான்.

வெள்ளிக்கிழமை

கலா அரை நாள் பர்மிஷன் கேட்டு வாங்கியிருந்தாள். விடிகிறபோதே பவானிக்கு நான் பின்னல் போட்டேன். சாரத்து முடிச்சு.

பம்பில் நாலு குடமும் முடிந்தது. நூற்றி இருபத்தெட்டு. அந்த நேரம் பார்த்து மகன் பேசினிலேயே வெளிக்குப் போய்விட்டான். அவனைத் தூக்கிக் கழுவ உள்ளே ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். பாய் இரண்டு குடத்தோடு தன் வீட்டுக்குப் போனார். பவானி அங்கேயே நின்றாள். கன்னியம்மா தன் குடத்தை நகர்த்துவது தெரிந்தது. நான் மகனைத் துடைத்து, சட்டை போட்டு, பவுடர் பூசி வெளியே வந்தபோது பம்பில் யாரும் இல்லை. பவானி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. நேரமில்லை.

பள்ளிக்கூடத்தில் நாலு பேரும் உள்ளே போனோம். எங்களுக்கு நிற்கத்தான் இடம். டீச்சர் நாற்காலிக்கு எதிரில் ஒரு ஸ்டூல்.

“ஒக்காந்துண்டு சொல்லும்மா” என்றார்.

பவானி ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. கலா அவளை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எண்ண ஆரம்பித்தாள். இருபது. முப்பது. முப்பத்திரண்டு வந்தது. நின்றாள்.

அவள் கண் தம்பியைத் தேடியது. அவன் என் தோளைச் சப்பிக்கொண்டிருந்தான். இங்கே தண்ணீர் இல்லை, அவன் எதற்குச் சிரிப்பான்? அவள் கண் கீழே இறங்கி என் வலது கைக்கு வந்தது.

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் கை தொடைப் பக்கத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. நிற்கவில்லை.

“முப்பத்தி மூணு” என்றாள்.

ஐம்பது வந்தது. டீச்சர் பாரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டார். கலா கண்ணைத் துடைக்கவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

“போறும்மா” என்றார் டீச்சர்.

பவானி நிறுத்தவில்லை. நான் கையை நிறுத்தினேன். அப்போதும் நிறுத்தவில்லை. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது. தொண்ணூறு, பிடிக்காத முகத்தோடு. நூறு. வெளியே காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

நூற்றி இருபத்தெட்டு. இங்கே நிற்பாள் என்று மகனைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

“நூத்தி இருவத்தொம்போது” என்றாள்.

எங்கள் வரிசையில் நாலு குடம்தான். ஐந்தாவது ஒன்றுதான் உண்டு. அதை யாரும் எண்ணக் கூடாது.

காலையில் நான் உள்ளே போனபோது பம்பில் கன்னியம்மாவும் இவளும்தான் இருந்தார்கள்.

மனசுக்குள் கூடவே எண்ணினேன். பத்து. இருபது. முப்பது.

பவானி நின்றாள். ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

“வரிசை முடிஞ்சிடுச்சி, மிஸ்.”

நூற்றி ஐம்பத்தெட்டு.